தேம்பும் நெஞ்சும் தேம்பாத மாலையும்

கெடிலக் கரைக்குத் துன்பமும் இன்பமும் ஒருங்கே பழகியவை. நெல்லிக்குப்பத்திற்கு மேற்கே பண்ணுருட்டியை ஒட்டி நிற்பது திருவதிகை. கிழக்கே கடலூரோடு இணைந்து கிடப்பது திருப்பாதிரிப்புலியூர். சூலை நோயால் துடித்த மருள்நீக்கியார் தமக்கை திலகவதியாரின் கையால் திருநீறு பெற்று நாவுக்கரசர் ஆனது முன்னதில். கல்லொடு பிணித்துக் கடலில் தள்ளப்பெற்றவர் கரையேறியது பின்னதில். இவற்றிற்கு இடையே, ஏழு நாள் நீற்றறையில் அடைபட்டிருந்தும் அவர் வாடாது இன்புற்றிருந்தார் என்று சேக்கிழார் பெருமான் பாடுகின்றார். துன்பத்தின் நடுவே குன்றாத இன்பம் என்பது இவ்வட்டாரத்துக்குப் புதிதாக வந்து புகுந்த கருத்தன்று.

அந்நிகழ்ச்சிகளுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்திற்குப் பின்னர், இதே நிலப்பகுதியில், வேறொரு சமயத்தைச் சார்ந்த, வேறொரு நாட்டில் பிறந்த புலவர் ஒருவர் அதே கருத்தைத் தமிழில் பாட முற்பட்டார். நெய்வேலிச் சுரங்க நகருக்கு மேற்கே, விருத்தாசலத்தை அடுத்துள்ள சிற்றூர் கோணான்குப்பம். அவ்வூரில் தேவமாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்பி, அன்னைக்குப் 'பெரியநாயகி' என்று பெயரிட்டவர் வீரமாமுனிவர். விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயிலில் அம்மைக்கு வழங்கும் பெயரும் அதுவே. அயலவர் ஒருவர் இம்மக்களின் நாவில் ஏற்கெனவே இனித்துக்கொண்டிருந்த பெயரையே எடுத்துக்கொண்டார் என்பது அவர்தம் உள்ளப்பாங்கைக் காட்டும். தம் நூல்களில் இவ்வூரை அவர் 'ஆரியனூர்' என்று இலக்கியப் பெயரால் சுட்டுகின்றார். முகாசாபரூர்க் கச்சிராயர் இவ்வாலயம் எழத் துணைநின்றதைப் பற்றிய செவிவழிச் செய்திகள் இன்றும் அங்கு உலவுகின்றன. அவை ஒருபுறம் இருக்க, அம்முனிவர் பாடிய இன்பம் எத்தகையது, அதனை யாருக்காகப் பாடினார் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி இத்தாலி நாட்டுக் காஸ்திக்கிளியோனே என்னும் ஊரில் 1680 நவம்பர் 8இல் பிறந்தார். இயேசு சபையில் சேர்ந்து, 1710இல் கோவாவில் வந்திறங்கி, அடுத்த ஆண்டில் மதுரை மறைத்தளத்தை அடைந்தார். அவர் வந்து சேர்ந்த மறைத்தளம் குருதியின் நினைவு உலராத ஒன்று. அருளானந்தர் எனத் தமிழர் அழைத்த ஜான் தெ பிரிட்டோ மறவர் நாட்டு ஓரியூரில் 1693 பிப்ரவரி 4ஆம் நாள் தலை வெட்டுண்டு இறந்து பதினெட்டு ஆண்டுகளே கழிந்திருந்தன. முந்திய நாள் சிறையிலிருந்து அவர் தம் சபையாருக்கு எழுதிய மடல் புகழ்பெற்றது. மையும் தூவலும் இன்றி, கரியைக் கரைத்துத் துரும்பால் எழுதியது என்பர். அம்மடலில் முறையீடு இல்லை; அச்சம் இல்லை; நெடுநாள் வேண்டிக்கொண்ட ஒன்று கைகூடப்போகும் மகிழ்ச்சியே இருக்கின்றது. கிறித்தவ மரபில் இதற்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. பவுலடியார் பிலிப்பியருக்கு எழுதிய நிருபம் விலங்கு பூண்ட நிலையில் எழுதப்பட்டது. ஆயினும் அவர்தம் நிருபங்களுள் மகிழ்ச்சி என்னும் சொல் மிகுந்து ஒலிப்பது அதில்தான். சிறை மகிழ்ச்சியின் பிறப்பிடமாவது அச்சமயத்தின் தொடக்க காலந்தொட்டே வரும் வியப்பு.

பெஸ்கியும் அச்சிறையின் வாயிலைக் கண்டவரே. காமநாயக்கன்பட்டியைச் சார்ந்து அவர் பணியாற்றிய தொடக்க ஆண்டுகளில், 1714-15 அளவில், திருநெல்வேலிச் சீமைக் குருக்கள்பட்டியில் பிடிபட்டு, கொலைத் தண்டனை விதிக்கப்பெற்று, பின்னர் விடுவிக்கப்பட்டார். முதலில் அவர் பூண்ட தமிழ்ப்பெயர் 'தைரியநாதர்'. அதுவே செந்தமிழ் வடிவம் பெற்று 'வீரமாமுனிவர்' ஆயிற்று. அவரைப் பற்றி 1822இல் தமிழில் சரித்திரம் எழுதிய புதுவை முத்துசாமிப் பிள்ளை பல்லக்கும் புலித்தோலிருக்கையும் சந்தா சாகிபின் அவைச் சிறப்புமாக அவரைக் காட்டுகின்றார். மக்கள் மனத்தில் நிலைத்துவிட்ட ஓவியமும் அதுவே. ஆனால் தேம்பாவணியைப் பாடிய உள்ளத்தை அறியப் பல்லக்கு உதவாது. குருக்கள்பட்டியில் சாவை எதிர்நோக்கிக் கிடந்த பொழுதுகளே உதவும்.

அவர் யாரிடையே வாழ்ந்தார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மதுரை நாயக்கர் ஆட்சி தளர்ந்து முடிவை நெருங்கிய காலம் அது. 1736இல் அது முற்றும் வீழ்ந்தது. திருச்சிராப்பள்ளி சந்தா சாகிபின் கைக்குப் போய், 1741இல் மராத்தியரிடம் விழுந்தது. தஞ்சை நாட்டில் சகசி மன்னர் காலத்தில், 1701இல், கிறித்தவர்மீது எழுந்த அடக்குமுறை நெடிய வடுவை விட்டுச் சென்றிருந்தது. படையெடுப்பும் வரிக்கொடுமையும் வறட்சியும் எல்லாச் சமயத்தார்க்கும் பொது. அவற்றின்மேல், புதுச் சமயம் தழுவியவர்க்கு உறவினரின் விலக்கும் ஊராரின் ஏளனமும் கூடுதல் சுமைகள்.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டை வகுக்குமிடத்து அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகின்றார். பிறரால் இகழப்படுதல், உரியவரையும் உரியவற்றையும் இழத்தல், நிலைகுலைந்து தாழ்தல், வறுமையுறுதல் என அவற்றை விளக்கலாம். உவகைக்கும் நான்கு கூறுகின்றார். செல்வ நுகர்ச்சி, அறிவின் பேறு, காதலர் கூட்டம், விளையாட்டு ஆகியவை அவை. இவ்விரு பட்டியலையும் அருகருகே வைத்துப் பெஸ்கியின் மக்களை நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். அழுகையின் நான்கும் அவர்களிடம் நிறைந்திருந்தன. உவகையின் நான்கில் முதலது அறவே இல்லை. எஞ்சியவற்றிலும் பெற்றது சிறிதே. அவ்வாறாயின், அவர்களுக்கு உவகை எங்கிருந்து வரும்? தொன்னூல் விளக்கம் என்னும் ஐந்திலக்கணம் செய்த பெஸ்கிக்கு இப்பட்டியல் தெரியாதிருக்க வாய்ப்பில்லை. அவர்தம் காப்பியத்தை இவ்வினாவுக்கு அளித்த விடையாகப் படிப்பது பொருந்தும்.

தேம்பாவணி 1726இல் நிறைவுற்றது. மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல். மூன்றாண்டு கழித்து, 1729இல், ஆசிரியரே உரையும் வகுத்தார். காப்பியத் தலைவர் சூசையப்பர். எபிரேய மொழியில் அப்பெயருக்குப் பெருகுதல் என்பது பொருளாதலின் 'வளன்' எனத் தமிழாக்கினார். அரசரையும் வீரரையும் தலைவராகக் கொண்டு பழகிய தமிழ்க் காப்பிய உலகில், ஊர் பெயர்ந்து அலைந்து, அயல்நாட்டில் அகதியாய்க் கிடந்து, உளியும் வாளரமும் பிடித்துப் பிழைத்த ஒரு தச்சனைத் தலைவனாக்கியது சிறிய துணிவன்று. இளங்கோவடிகள் வணிக மகளைத் தலைவியாக்கிய துணிவோடு ஒப்பவைத்து இதனை எண்ணலாம்.

நூற்பெயரின் பொருளை இருவகையாகப் பிரிப்பர். தேன் + பா + அணி எனக் கொண்டு தேன் போன்ற பாக்களாலாகிய அணிகலன் என்பது ஒன்று. தேம்பா + அணி எனக் கொண்டு வாடாத மாலை என்பது மற்றொன்று. பள்ளிக்கூடங்களில் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் ஒப்பித்துக் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் இரண்டாவது பிரிப்பில் கவிஞர்கள் நின்று கேட்கவேண்டிய ஓர் ஒலி உண்டு. தேம்புதல் என்பதற்கு வாடுதல் மட்டுமா பொருள்? தேம்பித் தேம்பி அழுதது குழந்தை என்கின்றோமே, அவ்விம்மலும் தேம்புதலே. மெலிதல், வாடுதல், விம்முதல் ஆகிய மூன்றையும் ஒரு வினையடி தாங்கி நிற்கின்றது. எனவே தேம்பா அணி வாடாத மாலையுமாம், விம்மாத மாலையுமாம். சதுரகராதி என்னும் அகராதியை 1732இல் தொகுத்துத் தந்தவர், தம் பெருநூலின் பெயரில் இச்சொல்லின் பக்கங்களை அறியாமல் வைத்தார் என்று கருதுவதற்கில்லை.

அப்படியானால் இது அழுகை இல்லாத காப்பியமோ? நேர்மாறு. தமிழ்க் கிறித்தவர் வீடுகளில் சூசையப்பரின் ஏழு வியாகுலங்களையும் ஏழு சந்தோஷங்களையும் இணைத்துத் தியானிக்கும் வழக்கம் உண்டு. மேலைத் திருச்சபையிலும் அது பழையது. அவ்வழக்கத்தின் நுட்பம், ஏழு துன்பங்களை முதலில் எண்ணி முடித்துப் பின்னர் ஏழு இன்பங்களை எண்ணுவதில் இல்லை. ஒவ்வொரு துன்பத்தோடும் அதற்குரிய இன்பத்தை உடன்வைத்து எண்ணுவதில் இருக்கின்றது. மரியாள் கருவுற்றதைக் கண்டு ஐயுற்ற வேதனையோடு, வானதூதன் மெய்யுரைத்த மகிழ்ச்சி. தங்க இடமின்றித் தொழுவத்தில் மகவு பிறந்த வறுமையோடு, வானோர் பாடிய களிப்பு. எகிப்துக்கு ஓடிய அவலத்தோடு, அந்நாடு மீட்பரைப் பெற்ற பேறு. மூன்று நாள் மகனைத் தேடிய தவிப்போடு, ஆலயத்தில் அவனைக் கண்ட நிறைவு. ஊடும் பாவுமாக இரண்டும் ஒரே துணியில் நெய்யப்பட்டிருக்கின்றன.

தேம்பாவணியின் படல அமைப்பிலேயே இந்நெசவைக் காணலாம். ஐயம் தோற்று படலம், ஐயம் நீங்கு படலம், மகிழ்வினைப் படலம், மகவருள் படலம் என்று அவை அடுத்தடுத்து வருகின்றன. அத்துடன் காப்பியம் இன்பமாய் முடிந்துவிடவில்லை. மகவு பிறந்த சிறுபொழுதில் நாடு விட்டு நீங்கும் படலம் வருகின்றது. மகிழ்ச்சிக்குப் பின் வழிநடை, வழிநடைக்குள் பழைய ஏற்பாட்டு வீரர்தம் கதைகள், கதைகளின் முடிவில் எகிப்து, எகிப்தில் ஏழ்மை. தலைவனின் துன்பம் ஒருமுறை வந்து ஒருமுறை நீங்குவதன்று. அது வந்துகொண்டே இருக்கின்றது. மகிழ்ச்சியும் அதனை விட்டுப் பிரியாமல் வந்துகொண்டே இருக்கின்றது. வாழ்நாள் முழுதும் வறுமை நீங்காத மக்களுக்கு, 'நாளை எல்லாம் சரியாகிவிடும்' என்னும் கதையைச் சொல்லியிருந்தால் அது பொய்யாய் முடிந்திருக்கும். பெஸ்கி அக்கதையைச் சொல்லவில்லை.

இக்காப்பியத்தின் உச்சம் எது என்பதில் கருத்து வேறுபடலாம். நாட்டு வருணனையையும் நகர வருணனையையும் புகழ்வார் பலர். கம்பரையும் திருத்தக்க தேவரையும் பயின்ற கையின் வளம் அங்கு வெளிப்படுகின்றது என்பதில் ஐயமில்லை. எனினும் நெஞ்சைப் பிடித்து நிறுத்துவது கருணையனின் புலம்பல். கருணையன் என்பவர் திருமுழுக்கு யோவான். பெயரின் பொருளறிந்து செய்த மற்றொரு தமிழாக்கம் அது. ஏரோதின் வாளுக்குத் தப்பித் தாய் எலிசபெத்தோடு கானகம் புகுந்த சிறுவன். அக்கானகத்தில் தாய் இறக்கின்றாள். பூக்களைப் பரப்பித் தாயுடலைக் கிடத்தி, கைகுவித்து, நிலத்தை நோக்கி இவ்வுடலைக் காப்பாயாக என்று வேண்டி, மண்ணால் மூடுகின்றான் அச்சிறுவன். பின்னர் தனிமை சூழ்கின்றது. உணவு தேடும் வழி அறியேன், காட்டுப் பாதை அறியேன், தாயும் போய்விட்டாள் என்று அரற்றுகின்றான். மரங்களும் சுனைகளும் உடன் அழுவதுபோல் ஒலிக்கின்றன.

இறையியலைப் பாட வந்த புலவர் இங்கு என்ன செய்திருக்கலாம் என்பதை எண்ணிப் பார்க்கலாம். எலிசபெத் வானுலகு சென்றாள், ஆகவே அழாதே என்று ஒரு வானவரைக் கொண்டு நாலு பாடலில் ஆறுதல் கூறி முடித்திருக்கலாம். அறநூலார் பலரும் அதைத்தான் செய்திருப்பர். பெஸ்கி சிறுவனை அழவிடுகின்றார். காடு முழுவதையும் அவனோடு அழவைக்கின்றார். அதற்கும் மேலாக, அப்புலம்பலின் நடுவே அவர் ஆளும் சொல் 'தேம்ப' என்பது. 'தேம்பா' என்று பெயர் சூடிய நூலின் உள்ளே ஒரு சிறுவன் தேம்புகின்றான். அதே வினை, எதிர்மறை நீங்கி. இது தற்செயலாயினும் பொருள் பொதிந்த தற்செயல். தேம்பாத மாலை என்பது தேம்பலே இல்லாத மாலையன்று. தேம்பலையும் ஒரு பூவாக ஏற்றுத் தொடுத்தும் வாடாத மாலை.

இவ்விடத்தில் திருவதிகை நினைவுக்கு வருவது இயல்பே. இரண்டும் ஒன்றுதான் என்று கூறிக் கைகொட்டி முடிப்பது மேடைக்கு எளிது, ஆராய்ச்சிக்கு முறையன்று. நீற்றறை அப்பர் பெருமானுக்குக் குளிர்ந்தது, கல் மிதந்தது. இறைவன் திருவடி நிழலில் துன்பமே தன் இயல்பு மாறிற்று. தேம்பாவணியில் எகிப்துக்குச் செல்லும் பாலை குளிர்ந்து தலைவனின் துன்பம் தொலைந்துவிடவில்லை. அத்துன்பத்திற்குள்ளே இறைவனே பச்சிளங் குழந்தையாய் உடன் நடக்கின்றான், உடன் துன்புறுகின்றான். வளன் மகிழ்வது துன்பம் போயிற்று என்பதற்காக அன்று. துன்பத்தில் உடன் இருப்பவன் யார் என்பதை அறிந்தமைக்காக. கிறித்தவ நம்பிக்கையின் தனித்தன்மை இங்குதான் இருக்கின்றது. அன்னை மரியின் துயரைப் பாட அன்னை அழுங்கல் அந்தாதி என்று தனி நூலே செய்தவர் பெஸ்கி. அழுகை அவருக்கு விலக்க வேண்டிய பொருளன்று.

காப்பியம் கற்றோர்க்கு உரியது. உழுதும் நெய்தும் வாழ்ந்த அடியவர் 3615 விருத்தங்களைப் பயின்றிருப்பர் என்று சொல்வதற்கில்லை. அவர்களுக்கு அவர் தந்தது வேறு. கித்தேரியம்மாள் அம்மானை என்னும் நூலின் சிறப்பைத் தேம்பாவணியின் புகழ் மறைத்துவிட்டது என்பது வருந்தத்தக்கது. போர்த்துக்கல் நாட்டு அரச குலத்தில் பிறந்ததாகக் கருதப்படும் கித்தேரி என்னும் கன்னியின் வரலாறு அது. தந்தை விரும்பிய மணத்தை மறுத்து, அரண்மனையை விட்டு வெளியேறி, நம்பிக்கைக்காக உயிர் துறந்தவள். எளிய கண்ணிகளால், பேச்சுத் தமிழின் ஓட்டத்தில், அம்மானை ஆடும் பெண்களின் வாய்க்கு ஏற்றவாறு அதனைப் பாடியிருக்கின்றார்.

அம்மானை விளையாட்டு என்பதை மறந்துவிடலாகாது. தொல்காப்பியர் உவகைக்குக் கூறிய நான்கு களன்களில் ஏழைக்கும் கைக்கெட்டியது அது ஒன்றே. ஒரு கொலைக்களக் கதையை, காய்களை மேலே எறிந்து பிடித்து ஆடும் மகளிர் விளையாட்டின் சந்தத்தில் வைத்தது எத்தகைய துணிவு! கதை சாவை நோக்கிச் செல்ல, கைகள் விளையாடுகின்றன. துன்பமும் உவகையும் உடன் நிற்பதைத் தேம்பாவணி படல அமைப்பால் உணர்த்திற்று என்றால், அம்மானை தன் யாப்பின் இயல்பாலேயே உணர்த்திற்று. இலக்கிய வகையைத் தேர்வதே ஒரு பொருளைச் சொல்வதாகும் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

இதே காலத்தில் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலையும் அவர் எழுதினார். ஊர் ஊராய்ச் சென்று மறையுரைத்த உபதேசியார்களுக்காக எழுதியது அது. குருமார் சிலரே, ஊர்களோ பல. ஆண்டில் ஒருமுறை குருவைக் காண்பதே அரிதாயிருந்த ஊர்களில் நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்தவரும், இறந்தவர் வீட்டில் செபம் சொன்னவரும் இவ்வுபதேசியார்களே. இகழ்ச்சியைத் தாங்கும் உளத்திண்மை இல்லாதவரால் அப்பணியில் நிலைத்திருக்க இயலாது.

கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் உள்ள ஏலாக்குறிச்சிக்கு அவர் 'திருக்காவலூர்' என்று பெயரிட்டதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. தஞ்சை நாட்டில் தொல்லையுற்றோர் ஆற்றைக் கடந்து வந்து ஒதுங்கத்தக்க இடம் அது. அங்குள்ள அன்னைக்கு 'அடைக்கல நாயகி' என்று பெயர். திருக்காவலூர்க் கலம்பகமும் அடைக்கல மாலையும் அவ்வூரைப் பற்றியே எழுந்தன. அடைக்கலம் தேடி வந்தவர்க்குக் கலம்பகம் எதற்கு என்று கேட்பார் இருக்கலாம். உண்பதற்குச் சோறும் உறைவதற்குக் கூரையும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓடி வந்து ஒதுங்கிய ஊர் ஒரு பாட்டுடைத் தலமாகிவிட்டால், அங்கு வாழ்பவர் வெறும் அகதிகளாக இருப்பதில்லை.

வீரமாமுனிவரை மாசற்ற பொற்சிலையாக நிறுத்துவது இக்கட்டுரையின் கருத்தன்று. தரங்கம்பாடி லுத்தரன் சபையாரோடு அவர் நடத்திய சொற்போர் நூல்களில் இம்மகிழ்ச்சியின் சாயல் சிறிதும் இல்லை. வேத விளக்கமும் பேதகம் மறுத்தலும் கூர்மை மிக்கவை, கனிவு குறைந்தவை. எதிர்த்தரப்பாரின் பெருந்தன்மையை இங்குக் குறிப்பிடாமல் விடலாகாது. அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டு வெளியிட்டது அதே தரங்கம்பாடி அச்சகந்தான். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர் இன்பத்துப்பாலைத் தொடாமல் விட்டதும் அனைவரும் அறிந்தது. துறவியாதலின் விட்டார் என்பர். இன்பத்தையே பொருளாகக் கொண்டு மூவாயிரத்துக்கு மேல் பாடியவர் வள்ளுவரின் இன்பத்தை ஒதுக்கிவைத்தது ஒரு சிறு முரண்.

மராத்தியர் படையெடுப்பின் குழப்பத்தில் அவர் திருச்சிராப்பள்ளிப் பகுதியை விட்டு நீங்கினார். பழைய நூல்கள் சில, 1742இல் மணப்பாட்டில் இறந்தார் என்று கூறும். பின்னை ஆய்வாளர் கண்டு தெளிந்தபடி, சேர நாட்டு அம்பழக்காட்டில் 1747 பிப்ரவரி 4ஆம் நாள் உயிர் துறந்தார். அருளானந்தர் ஓரியூரில் வெட்டுண்ட அதே நாள்.

அவர் மறைந்தபின் நிகழ்ந்தவை அவர் பாடிய மகிழ்ச்சியைக் கடுஞ்சோதனைக்கு உள்ளாக்கின. 1759இல் போர்த்துக்கல் அரசு இயேசு சபையைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து விலக்கியது. 1773இல் திருத்தந்தையே அச்சபையைக் கலைத்தார். பிரெஞ்சு இயேசு சபையார் மதுரை மறைத்தளத்திற்கு மீண்டும் வந்தது 1837-38இல். முனிவரின் மறைவுக்கும் அவர்கள் வருகைக்கும் இடைப்பட்ட காலத்தில் கர்நாடகப் போர்கள் நடந்தன. கடலூரும் தேவனாம்பட்டினத்துக் கோட்டையும் ஆங்கிலேயர்க்கும் பிரெஞ்சுக்காரர்க்கும் இடையே கைமாறின. ஐதரலியின் படைகள் இந்நாட்டைக் கடந்தன. கோவாவிலிருந்தும் புதுவையிலிருந்தும் வந்த குருமார் மிகச் சிலரே. அந்நெடுங்காலத்தில் சிற்றூர்களின் நம்பிக்கை பெரும்பாலும் உபதேசியார்களின் நாவிலும், ஓலைச் சுவடிகளிலும், மக்கள் பாடிய பாட்டிலுமே உயிர்த்திருந்தது. தேம்பாவணி அச்சேறியது 1851இல், புதுவையில். நூல் நிறைவுற்று நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவரை அம்மாலையை வாடாமல் வைத்திருந்தவை படியெடுத்தவர்களின் கைகள். அவர்களுள் பெரும்பாலோர் பெயர் எவருக்கும் தெரியாது.

துன்பத்தில் இன்பம் காணும் இவ்விழை பின்னரும் அறுபடவில்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் தம் நூல் ஒன்றுக்குப் 'பேரின்பக் காதல்' என்றே பெயரிட்டார். நெல்லை எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை வைணவக் குடியில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்று, 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். அதன் மூலநூலாகிய பயணக் கதையை இயற்றிய ஜான் பனியன், உரிமமின்றி மறையுரைத்தமைக்காகப் பெட்போர்டுச் சிறையில் 1660 முதல் 1672 வரை கிடந்தவர். சிறையில் முளைத்த கதை கம்பனின் யாப்பில் பாளையங்கோட்டையில் மீண்டும் பூத்தது. ஆயினும் பனியனின் பயணி மோட்ச நகரை நோக்கி நடப்பவன். சுமை முதுகிலிருந்து நழுவும் இடமும் அவன் வழியில் உண்டு. வளனின் சுமை நழுவுவதில்லை. அவன் சுமையே அவன் கையிலிருக்கும் குழந்தை. இவ்வேறுபாட்டைத் தமிழ்த் திறனாய்வு இன்னும் விரிவாக ஆராய்தல் வேண்டும்.

2019இல் வெளிவந்த தமிழகப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் கருணையன் புலம்பல் இடம்பெற்றது. நெல்லிக்குப்பத்துக் கரும்பாலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும், நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து ஊர் பெயர்ந்தோரின் பேரப்பிள்ளைகளும் அதனை மனப்பாடம் செய்திருப்பர். தேர்வுக்குரிய பகுதி காடு அழுவதோடு நின்றுவிடுகின்றது. கருணையன் அக்காட்டிலேயே வளர்ந்து, யோர்தான் ஆற்றங்கரைக்கு வந்து, மக்கள் நடுவே குரல் எழுப்பிய பிற்காலம் அங்கு இல்லை. பாடத்தின் தலைப்பில் 'தேம்பாவணி' என்றிருக்கும். அதன்கீழ், பாட்டின் நடுவே, தாயை இழந்த பிள்ளையின் வாயில் 'தேம்ப' என்றிருக்கும்.